காம்பு கிள்ளிய வெற்றிலை

"போன வாரக் கதையில் குழந்தையை ஆட்டோவில் ஏற்றிவிட்டு நீங்கள் பாட்டுக்கு முற்றும் போடாமல் போய்விட்டீர்கள். ஒரு வாரமாக அந்த ஆட்டோ எங்கள் வீட்டுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது" என்று ஒரு வாசகி கோபித்துக்கொண்டிருக்கிறார். நியாயமான கோபம்தான். ஆட்டோ போய்ச் சேர்ந்துவிட்டது, அம்மா. புனேயில் ஔந்த் பக்கம் ஒரு குழந்தைகள் மருத்துவமனை, இரண்டாவது மாடி, பெரிய கண்ணாடிக் கதவு.

கதவுக்கு உள்ளே, பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத பையன். இன்னும் பெயர் வைக்கவில்லை. காலில் சுற்றியிருந்த பட்டையில் 'பேபி ஆஃப் ஸ்டெல்லா' என்று மட்டும் இருந்தது. காலையில் பச்சைப் பச்சையாக வாந்தி எடுத்தான். வயிறு உப்பிப் பளபளவென்று நின்றது. தொட்டால் வீறிட்டான். மருத்துவமனை வந்து சேர்வதற்குள் வீறிடக்கூடத் தெம்பில்லாமல் முனக ஆரம்பித்திருந்தான்.

கதவுக்கு வெளியே மூன்று பேர்.

ஸ்டெல்லா, பெற்றவள். சிசேரியன் தையல் இன்னும் ஆறவில்லை. ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். தூத்துக்குடிப் பெண். ஹிஞ்சவாடியில் கம்ப்யூட்டர் வேலை. அவள் அம்மா கால் எலும்பு முறிந்து ஊரிலேயே கிடப்பதால் பிரசவத்துக்கு வர முடியவில்லை.

சுபின், அவள் கணவன். புனேயிலேயே பிறந்து வளர்ந்தவன். தமிழில் ஆரம்பித்தால் இந்தியில் முடிப்பான்.

மூன்றாவது ஹெலினா, சுபினின் அக்கா. கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டு, கட்கியில் அப்பாவோடு இருக்கிறாள். ஔந்த்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்பதை விடைத்தாளைப் பார்த்தே சொல்லிவிடுவாள். அந்த வித்தையைப் பள்ளிக்கூடத்தோடு விட்டுவிட்டு வருவதில்லை என்பதுதான் குடும்பத்துக்கு அவள்மேல் இருக்கும் ஒரே வருத்தம்.

டாக்டர் கேதகி வெளியே வந்தார். குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சை நிபுணர். பேச்சு இந்தியும் இங்கிலீஷுமாக வரும். நமக்காகத் தமிழில் தருகிறேன்.

"எக்ஸ்ரே பார்த்தேன். குடலுக்குள்ளே இருக்கவேண்டிய காற்று, குடலுக்கு வெளியே வயிற்றில் நிற்கிறது. அப்படியென்றால் குடலில் எங்கேயோ ஓட்டை விழுந்திருக்கிறது."

"ஓட்டையா?" என்றான் சுபின்.

"மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றில் இருப்பதை எடுத்துக்கொண்டிருக்கிறோம். மூச்சுக்குத் திணறினான். அதனால் வயிற்றில் ஊசி போட்டுக் காற்றைக் கொஞ்சம் இறக்கியிருக்கிறேன். மருந்து ஏறுகிறது. உடம்பு ஒரு நிலைக்கு வந்ததும் ஆபரேஷன். வயிற்றைத் திறந்தால்தான் ஓட்டை எங்கே என்று தெரியும்."

"பிழைச்சிருவானா டாக்டர்?" என்றாள் ஹெலினா.

"ஆபத்து இருக்கிறது. நான் எதையும் மறைக்க மாட்டேன். நீங்களும் மறைக்க வேண்டாம்." டாக்டர் ஸ்டெல்லாவின் பக்கம் குனிந்தார். "பிறந்ததும் முதல் மலம், கறுப்பாகப் பிசின் மாதிரி இருக்குமே, அது எப்போது..."

"ரெண்டாம் நாளே போயிட்டான். அப்புறம் தினமும் போனான்" என்றாள் ஸ்டெல்லா.

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. கேள்வியை முழுதாகக் கேட்காமலே விடை எழுதும் பிள்ளைகளை ஹெலினாவுக்குத் தெரியும். முதல்நாளே மனப்பாடம் பண்ணிவிட்டு வந்தவர்கள் அவர்கள்.

"வாயில் ஏதாவது வைத்தீர்களா? தேன், சர்க்கரைத் தண்ணீர், நாட்டு மருந்து?"

"இல்ல டாக்டர்."

"பின்பக்கமாக? சோப்புத் துண்டு, தெர்மாமீட்டர், வேறு ஏதாவது?"

"ஒண்ணும் இல்ல."

டாக்டர் கையிலிருந்த குறிப்புத் தாளைப் புரட்டினார். "குறைமாதமும் இல்லை. எடையும் நன்றாக இருக்கிறது. தினமும் மலம் போயிருக்கிறான். இப்படி ஒரு குழந்தைக்கு ஏன் குடல் ஓட்டையாகிறது? எனக்கு ஒத்துவரவில்லை. காரணம் தெரிந்தால் எங்கே வெட்டுவது, எங்கே விடுவது என்று என்னால் முடிவெடுக்க முடியும். இடம் தவறினால் இதே நிலைமை திரும்ப வரும். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்."

கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது. சந்தேகம் மட்டும் வெளியே தங்கிவிட்டது.

முதலில் வாயைத் திறந்தவன் சுபின். "அக்கா, அந்த மாலிஷ் பண்ற ஷீலா மௌசிதான். பாப்பா பேட் மேல, வயித்து மேல கைய வச்சு அமுக்கியிருப்பா. வேற யாரு?"

ஷீலா, வாகடில் அவர்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் பச்சைக் குழந்தைகளை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட வருகிறவள். புனேயில் குழந்தை பிறந்த வீடுகளுக்கு இப்படி ஒரு மௌசி, சித்தி மாதிரி ஒரு அம்மா, வருவது வழக்கம்.

"நீ பாத்தியால?" என்றாள் ஹெலினா.

"பாக்கணுமா என்ன? நம்ம வீட்டு ஆளுங்க யாராவது பண்ணுவோமா?"

"ஸ்டெல்லா, நீ என்ன சொல்லுத? அவ அமுக்குனாளா?"

ஸ்டெல்லா தரையைப் பார்த்தாள். "தெரியல மதினி."

தெரியவில்லையாம். எதைக் கேட்டாலும் போனில் நாலு கட்டுரையைத் திறந்து காட்டும் ஸ்டெல்லாவுக்குத் தெரியவில்லையாம். ஹெலினா ஆசையாக வாங்கி வந்த கிரைப் வாட்டரைப் பாட்டிலோடு திருப்பிக் கொடுத்தவள் இவள். "என் பிள்ளைக்கு எந்தக் கை வைத்தியமும் ஆகாது. யாரும் எதுவும் குடுக்கவும் கூடாது, வைக்கவும் கூடாது" என்று வீட்டில் எல்லோரையும் நிற்கவைத்துச் சட்டம் போட்டவள். அன்றைக்கு ஹெலினாவுக்கு வந்த கோபம் இன்னும் முழுசாக அடங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சுபின் அதற்குள் போனில் தட்டிக்கொண்டிருந்தான். குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் ஷீலாவின் படம் ஏறியது. 'இந்தப் பெண்ணை யாரும் வீட்டுக்குள் விடாதீர்கள். எங்கள் குழந்தை உயிருக்குப் போராடுகிறது.' அனுப்பிவிட்டு, ஏதோ ஒரு வேலையை முடித்துவிட்டவன் மாதிரி மூச்சு விட்டான்.

பால் கட்டிக்கொண்டு ஸ்டெல்லாவுக்கு வலி ஆரம்பித்திருந்தது. பால் எடுக்கும் பம்பும் அவள் மாத்திரைகளும் வீட்டில். ஹெலினா ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

"நான் போயிட்டு வாரேன். அப்பாவும் அங்க தனியா இருக்காங்க."

"ஃப்ரிட்ஜ் எல்லாம் திறக்காண்டாம் மதினி" என்றாள் ஸ்டெல்லா திடீரென்று. "பம்பு பெட்ரூம்லதான் இருக்கு."

ஃப்ரிட்ஜைப் பற்றி யார் கேட்டார்கள்? ஹெலினா படியிறங்கினாள். ஜக்தாப் டெய்ரி சிக்னலில் நிற்கும்போதும் அந்த வாக்கியம் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

குடியிருப்பு வாசலில் ஷீலா நின்றுகொண்டிருந்தாள். உள்ளே விட மாட்டேன் என்று காவலாளி சொல்லிவிட்டான்போல. ஹெலினாவைக் கண்டதும் ஸ்கூட்டருக்குக் குறுக்கே வந்துவிட்டாள். அவள் மராத்தியில் பொரிந்து தள்ளியதன் சாரம் இது:

"டீச்சர், நான் என்ன பண்ணேன்? மூணு வீட்டுல வராதேன்னு சொல்லிட்டாங்க. பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்க உங்க தம்பி பொண்டாட்டி என்னை விட்டாளா? தண்ணி ஊத்தினேன், துடைச்சேன், அவ்வளவுதான். துணி மாத்தணும்னா என்னை வெளிய அனுப்பிட்டுக் கதவைச் சாத்திக்குவா. ஒரு தடவை இல்ல, தினமும். உள்ள என்ன நடந்துச்சுன்னு அவகிட்ட கேளுங்க, என்கிட்ட ஏன் கேக்குறீங்க?"

மாட்டிக்கொண்டவர்கள் அடுத்தவர்மேல் கை காட்டுவார்கள் என்று ஹெலினா வகுப்பில் தினமும் பார்க்கிறாள். இவளும் அப்படித்தான் என்று ஒரு மனம் சொன்னது. கதவை எதற்குச் சாத்த வேண்டும் என்று இன்னொரு மனம் கேட்டது.

"பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே போனாள்.

வீட்டில் அப்பா சிரில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். பேரன் பிறந்ததிலிருந்து அவர் இங்கேதான் தங்கியிருக்கிறார். கட்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி செல்வமேரி போன பிறகு எல்லா வேலையும் பழகிவிட்டது அவருக்கு.

"பிள்ள எப்படி இருக்கான்டி?"

"ஆபரேஷன் பண்ணணுமாம் அப்பா. குடல்ல ஓட்டையாம்."

சிரில் குழாயை மூடவில்லை. தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. ஹெலினா பெட்ரூமுக்குள் போய்ப் பம்பை எடுத்தாள், மாத்திரைகளை எடுத்தாள். அப்புறம் நேராகப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். திறக்காமல் இருந்தால் அவள் ஹெலினாவே இல்லை.

காய்கறித் தட்டின் அடியில் ஒரு ஈரத்துணிச் சுருள். பிரித்தாள். வெற்றிலை. வாடாமல், பச்சையாக, பத்துப் பன்னிரண்டு இலை. ஒரு இலைக்கும் காம்பு இல்லை. ஒவ்வொன்றையும் நகத்தால் சுத்தமாகக் கிள்ளி எடுத்திருந்தார்கள்.

வெற்றிலை போடுகிறவர்கள் இலையைத் தின்பார்கள், காம்பைப் போடுவார்கள். இங்கே இலை எல்லாம் இருக்கிறது, காம்புகளைத்தான் காணோம்.

ஹெலினாவுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. சுபின் கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா செய்வதைப் பார்த்திருக்கிறாள். பிள்ளைக்கு வெளிக்குப் போகவில்லையென்றால் வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்து ஆசனவாயில் வைப்பார்கள். அடுத்த நிமிஷம் போய்விடும். எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது ஹெலினாதான்.

"அப்பா, இந்த வெத்தல யாரு வாங்குனது?"

சிரில் திரும்பவில்லை. "நான்தான்."

"பல்செட்ட வச்சிக்கிட்டு வெத்தல போடுதியளோ?"

"எனக்கில்லட்டி. மருமவ கேட்டா. தலவலிக்கு நெத்தியில ஒட்டணும்னா. பிள்ள பொறந்த மறுநா பான் கடையில வாங்கி ஆஸ்பத்திரியிலயே கொண்டு குடுத்தேன். அப்புறமும் ஒரு தடவ கேட்டா."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"மதினி சிரிப்பாங்க, சொல்லாதீங்க மாமான்னா. சொல்லல. இதுல என்ன இருக்கு?"

ஹெலினா ஒரு இலையை எடுத்து அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். சிரிலுக்கும் புரிந்தது. கையிலிருந்த தட்டைத் தொட்டிக்குள் வைத்தார். சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"நானும் வாரேன்" என்றார்.

திரும்பும் வழியெல்லாம் ஹெலினா மனதுக்குள் பேச்சுத் தயாரித்துக்கொண்டே வந்தாள். 'எங்களுக்குச் சட்டம் போட்ட மகாராணி நீ. இப்போது பார்.' அந்த ஆத்திரத்துக்கு நடுவே, கண்டுபிடித்துவிட்டோம் என்ற ஒரு சின்னத் திருப்தியும் இருந்தது. அதை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

சுபின் ரத்த வங்கிக்குப் போயிருந்தான். ஸ்டெல்லா மட்டும் அதே நாற்காலி நுனியில். சிரில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார். ஹெலினா உட்காரவில்லை.

"காம்பெல்லாம் எங்க ஸ்டெல்லா?"

"என்ன மதினி?"

"தலவலிக்கு இல போதும். காம்பு எதுக்கு?"

ஸ்டெல்லாவின் முகம் முதலில் கோபப்படப் பார்த்தது. முடியவில்லை.

"ரெண்டாம் நாளும் போகல மதினி. நாளைக்குள்ள போகலன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும், படம் எடுக்கணும்னு நர்ஸ் சொன்னா. பயந்துட்டேன். எங்கம்மை என் தம்பிக்கு வச்சதப் பாத்திருக்கேன். நீங்க எல்லாரும் சாப்பிடப் போயிருந்தீங்க. வச்சேன். உடனே போயிட்டான். குபீர்னு, காத்தோட. நர்ஸுக்கும் சந்தோசம். நீங்க பேடா வாங்கிட்டு வந்து எல்லாருக்கும் குடுத்தீங்க."

ஆமாம், கொடுத்தாள். ஹெலினாவுக்கு அந்தப் பேடாவின் இனிப்பு இப்போது கசந்தது.

"வீட்டுக்கு வந்தா தானாப் போவான்னு நெனச்சேன். போகல. வயிறு உப்பும், வப்பேன், போவான், வயிறு அமரும். தினமும் அப்படித்தான். நேத்து வச்சும் வரல மதினி. ராத்திரி பூரா வரல."

"டாக்டர் அத்தன கேள்வி கேட்டாங்களே. வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"எப்படிச் சொல்ல? யாரும் எதுவும் வைக்கக் கூடாதுன்னு சொன்னவளே நான்தான. நீங்க எல்லாரும் என்ன நெனப்பீங்க?" ஸ்டெல்லா ஹெலினாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். "நான்தான் ஓட்ட போட்டுட்டேனா மதினி? என் பிள்ளைய நானே குத்திட்டேனா?"

தயாரித்து வந்த பேச்சில் ஒரு வரிகூட ஹெலினாவின் வாயில் வரவில்லை. தான் என்ன நினைப்போமோ என்று பயந்துதான் இவள் இத்தனை நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தாள் என்பது சுருக்கென்று தைத்தது.

"எந்திரி. என்ட்ட சொல்லி என்ன பிரயோசனம்? டாக்டர்ட்ட சொல்லு."

"நீங்க சொல்லுங்க மதினி."

"பெத்தவ நீ. நீதான் சொல்லணும். நான் பக்கத்துல நிக்கேன்."

மணியை அடித்தார்கள். டாக்டர் கேதகி தலையில் தொப்பியோடு வந்தார். குழந்தையை உள்ளே எடுத்துப் போகும் நேரம். ஸ்டெல்லா இங்கிலீஷில் சொன்னாள். வேகமாக, ஒன்றையும் விடாமல், டாக்டரின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

டாக்டர் திட்டுவார் என்று ஹெலினா எதிர்பார்த்தாள். அவர் ஒரு கேள்விதான் கேட்டார். "காம்பு வைக்காமல், தானாக ஒரு தடவையாவது மலம் போனானா?"

"இல்ல டாக்டர். ஒரு தடவகூட இல்ல."

"காலையில் நீங்கள் தினமும் போனான் என்றீர்கள். அதை நம்பித்தான் ஒரு நோயை நான் கணக்கிலேயே எடுக்காமல் வைத்திருந்தேன்." டாக்டரின் குரல் உயரவில்லை. "இப்போது இரண்டு வழி இருக்கிறது. ஓட்டை கீழே, ஆசனவாய்ப் பக்கம் இருந்தால் காம்பு குத்தியது. மேலே இருந்தால் வேறு கதை. அப்படியென்றால் குடலில் அங்கங்கே சின்னத் துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவேன். மலம் வெளியேற வயிற்றில் வழி வைக்கும் இடமும் மாறும். இப்போதாவது சொன்னீர்களே."

கதவு மூடியது. 'கீழேயா மேலேயா' என்ற ஒரே கேள்வியோடு ஸ்டெல்லா வெளியே நின்றாள்.

சுபின் ரத்தப் பெட்டியோடு வந்தான். அதை நர்ஸிடம் கொடுத்துவிட்டுத் திரும்பியதும் ஸ்டெல்லாவே அவனிடம் சொன்னாள். யாரும் தூண்டவில்லை.

அவன் அவளை ரொம்ப நேரம் பார்த்தான். "நீயா?"

"நான்தான்."

"நான் மௌசியப் பத்திச் சொல்லும்போது சும்மா இருந்தியே ஸ்டெல். அப்ப சொல்றதுக்கு என்ன?"

அவன் போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தான். இருவருக்கும் நடுவே நாலு நாற்காலி காலியாக இருந்தது.

ஹெலினா அவனிடம் போனாள். "முதல்ல அந்த மெஸேஜ எடு. ஷீலா தப்புப் பண்ணலன்னு எழுது."

"இப்ப அதுவா அக்கா முக்கியம்? உள்ள என் பேட்டா..."

"உன் பிள்ள உள்ள கிடக்கான். அவ கேட்டுக்கு வெளிய நிக்கா. எடு."

எடுத்தான். ஆனால் படம் அதற்குள் பக்கத்துக் குடியிருப்புகளின் குழுக்களுக்கெல்லாம் போய்விட்டிருந்தது. அதை எந்தப் பொத்தானை அழுத்தி எடுப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. 'தவறான தகவல், மன்னிக்கவும்' என்று எழுதியதற்கு ஒருவரும் பதில் போடவில்லை.

நேரம் நகர மறுத்தது. சிரில் ஜெபமாலையைக் கையில் எடுத்தார். உருட்டவில்லை, பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தார். ஸ்டெல்லாவுக்குப் பால் கட்டிய வலி. ஹெலினா அவளைத் தாய்மார் அறைக்குக் கூட்டிப்போய்ப் பம்பைப் பொருத்திக் கொடுத்தாள். பால் சொட்டுச் சொட்டாகப் பாட்டிலில் விழுந்தது. "இது யாருக்கு மதினி?" என்று கேட்டு ஸ்டெல்லா அழுதாள். "அவனுக்குத்தான். பேசாம எடு" என்றாள் ஹெலினா. சொல்லும்போது அவளுக்கே அதில் பாதிதான் நம்பிக்கை.

வெளியே வெயில் தாழ்ந்து, கீழே சாலையில் ஆபீஸ் விட்டுப் போகும் வண்டிகளின் சத்தம் கூடியபோது கதவு திறந்தது.

டாக்டர் முகக்கவசத்தைக் கழற்றினார். "இருக்கிறான்" என்றார் முதலில்.

ஸ்டெல்லா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "கீழேயா டாக்டர்?"

"மேலே. பெருங்குடல் ஆரம்பிக்கிற இடத்தில், வலதுபக்கம். காம்பு அங்கே எட்டவே எட்டாது. நீங்கள் குத்தவில்லை."

ஸ்டெல்லா அப்படியே ஹெலினாவின் தோளில் சாய்ந்துவிட்டாள். தையல் வலித்திருக்கும். அவள் அதைப் பொருட்படுத்தவில்லை.

"முழுதும் கேளுங்கள்" என்றார் டாக்டர். "சில குழந்தைகள் பிறக்கும்போதே குடலின் கடைசிப் பகுதியில் நரம்பு அணுக்கள் இல்லாமல் பிறக்கும். அந்தப் பகுதி மலத்தைத் தள்ளாது. அடைத்துக்கொண்டே நிற்கும். மேலே குடல் உப்பி உப்பி, ஒரு நாள் ஓட்டையாகிவிடும். இவனுக்கு அதுதான் என்று நினைக்கிறேன். துண்டுகளைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறேன். நீங்கள் வைத்த காம்பு ஓட்டை போடவில்லை, நோயை மறைத்தது. முதல் நாளே எங்களிடம் வந்திருந்தால் ஓட்டை விழாமலே பார்த்திருப்போம். அதையும் நான் சொல்லத்தான் வேண்டும்."

ஸ்டெல்லா தலையாட்டினாள்.

"ஓட்டைக்கு மேலே, சிறுகுடலிலிருந்து வயிற்றுக்கு வெளியே ஒரு வழி வைத்திருக்கிறேன். மலம் அதன் வழியாக ஒரு பையில் சேரும். சில மாதங்களுக்கு அப்படித்தான். அப்புறம் கெட்ட பகுதியை எடுத்துவிட்டு, நல்ல குடலைக் கீழே இறக்கி இணைக்கலாம். அடுத்த சில நாட்கள் கிருமி பரவாமல் தாண்ட வேண்டும். தாண்டுவான் என்றுதான் தோன்றுகிறது."

சுபின் காலியாக இருந்த நாலு நாற்காலியையும் தாண்டி வந்து மனைவியின் பக்கத்தில் நின்றான். அவள் கையைத் தொடவில்லை. வந்து நின்றான், அவ்வளவுதான்.

"இன்னொன்று" என்றார் டாக்டர். "நரம்பு இல்லாத பகுதி நீளமாக இருந்தால், இது குடும்பத்தில் தொடர்ந்து வருவதாகவும் இருக்கலாம். இரண்டு பக்கத்திலும் யாருக்காவது, பிறந்த சில நாட்களில் வயிறு உப்பி, பச்சை வாந்தி எடுத்து இறந்த குழந்தை உண்டா?"

"எங்க வீட்டுல இல்ல" என்றாள் ஸ்டெல்லா.

"நோ டாக்டர்" என்றான் சுபின்.

"இல்ல" என்றாள் ஹெலினா.

"உண்டு" என்றார் சிரில்.

மூவரும் திரும்பினார்கள். சிரில் எழுந்து நின்றிருந்தார். டாக்டரைப் பார்த்து, தொழிற்சாலையில் பேசிப் பழகிய இந்தியில் நிதானமாகச் சொன்னார். "ஒரு பையன். இவளுக்கும் இவனுக்கும் நடுவுல. இதே மாதிரிதான். வயிறு உப்புச்சு, பச்சையா வாந்தி எடுத்தான். அப்ப எங்களுக்கு ஒண்ணும் தெரியல."

"என்ன அப்பா சொல்லுதிய?" என்றாள் ஹெலினா. தனக்கும் சுபினுக்கும் ஏழு வருஷ இடைவெளி எதனால் என்று அவள் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவள் அவள்.

"உங்கம்மை சொல்லக் கூடாதுன்னுட்டா. சொல்லல."

அவர் மறுபடி டாக்டரிடம் திரும்பினார். "குளிப்பாட்டுறவங்க கை பட்டு இப்படி ஆகுமா டாக்டர்? வயித்த அமுக்கிட்டா?"

"நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அந்தக் குழந்தைக்கும் இதே நோயாகத்தான் இருந்திருக்கும். பிறவியிலேயே வருவது. யார் கையும் இதற்குக் காரணமில்லை."

"யார் கையும் இல்லையா?"

"இல்லை."

சிரில் மெல்ல உட்கார்ந்தார். ஹெலினா அவர் பக்கத்தில் குனிந்தாள். "யாரு குளிப்பாட்டுனது அப்பா?"

"பவுன்."

பவுன், செல்வமேரியின் கூடப் பிறந்த அக்கா. ஹெலினாவுக்குப் பெரியம்மா. கட்கியில் மாதா கோயிலுக்குப் பின்னால் இரண்டாவது சந்தில்தான் வீடு. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குத் தவறாமல் வந்து, பெண்கள் பக்கத்தில் தூணோரமாக உட்காருவார். சின்ன வயதில் ஹெலினா ஒரு தடவை அவரைப் பார்த்துச் சிரித்ததற்கு அம்மா தொடையில் கிள்ளியது இன்னும் நினைவிருக்கிறது. ஏன் பேசக் கூடாது என்று கேட்டால் பதில் வராது, அடிதான் விழும். பேசக் கூடாதவர் என்றால் பேசக் கூடாதவர் என்று வளர்ந்துவிட்டாள். செல்வமேரி இறந்தபோது பவுன் கல்லறைத் தோட்டத்து வாசல்வரை வந்து நின்றார். ஒரு பிடி மண் போட சிரில் அவரை விடவில்லை.

"அவளுக்குப் பிள்ளை இல்ல" என்றார் சிரில். "எங்க பிள்ளையப் பாத்துப் பொறாமன்னு ஊர்ல பேசுனாவ. நாங்களும் நம்பிட்டோம். மாதா மேல சத்தியமா நான் ஒண்ணும் பண்ணலன்னு வாசல்ல நின்னு அழுதா. நான் கதவச் சாத்திட்டேன்."

சுபின் கையிலிருந்த போனைப் பார்த்தான். அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

டாக்டருக்குத் தமிழ் புரியவில்லை. யாரோ ஒருவரின் பெயர் என்பது மட்டும் புரிந்திருக்க வேண்டும். "அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொண்டவரா? உயிரோடு இருக்கிறாரா?"

"ஆமா டாக்டர், இருக்காங்க. எங்க அம்மாவோட அக்கா" என்றாள் ஹெலினா.

"நல்லது. அந்தக் குழந்தைக்கு என்ன நடந்தது என்று நாள்வாரியாக எனக்குத் தெரிய வேண்டும். உங்கள் அம்மா வீட்டில் வேறு குழந்தைகள் இப்படி இறந்ததுண்டா என்பதும் அக்காவான அவருக்குத்தான் தெரியும். எவ்வளவு குடல் கெட்டிருக்கும், அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்க எனக்கு அது உதவும். நாளைக்குள் அவரை என்னிடம் கூட்டி வாருங்கள்."

சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். குழந்தையை ஒரு நிமிஷம் பார்க்கலாம் என்று நர்ஸ் வந்து அழைக்க, ஸ்டெல்லாவும் சுபினும் அவர் பின்னால் போனார்கள்.

சிரிலும் ஹெலினாவும் மட்டும் மிஞ்சினார்கள்.

"நான் போய்க் கூப்பிடட்டுமா அப்பா?"

"நீ போனா வருவா. நீ சின்னப் பிள்ள, உன்மேல அவளுக்கு என்ன கோவம்." சிரில் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "அது சரியில்ல. கதவச் சாத்துனது நான். நான்தான் போகணும்."

"அப்ப வாங்க. இப்பவே போவோம். ஸ்கூட்டர் கீழதான் நிக்கி."

"போவோம்" என்றார் சிரில்.

ஆனால் நாற்காலியை விட்டு அவரால் எழுந்திருக்க முடியவில்லை.